பாஸுக்குப் பிணை நின்றவர்

என் மகள் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு ஜப்பானியப் பெண்மணி இருக்கிறாராம். தொண்ணூறு வயதைத் தாண்டியவர். உலகப் போர் முடிந்த சில வருடங்களில் இந்த நாட்டுப் படைவீரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு கப்பலில் வந்தவர். போன மாதம் சாப்பாட்டு மேசையில் மகள் அந்தக் கதையைச் சொல்லிவிட்டு, "அம்மா, யூ ஆர் எ வார் பிரைட் டூ", நீயும் ஒரு போர் மணப்பெண்தான், என்றாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"உன்ர அப்பா என்ன துவக்குத் தூக்கினவரோ? பிஸ்கட் ஃபாக்டரியில நிண்டவர்."

என் கணவர் கோப்பைக்குள் பார்த்துச் சிரித்தார். மகளும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சொன்னதில் தவறில்லை என்பதுதான் கோபத்துக்குக் காரணம். போர் இல்லாவிட்டால் நான் இந்த மனிதரைக் கட்டியிருக்கமாட்டேன், மெல்பேர்னையும் கண்டிருக்கமாட்டேன். ஆனால் அந்தக் கலியாணத்துக்கு நான் எப்படிப் புறப்பட்டேன் என்பதை மகளுக்குச் சொன்னதில்லை. கணவருக்கு மட்டும் தெரியும்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. யாழ்ப்பாணத்தில் இருந்தோம். ஒரு போட்டோவோடு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை கொழும்பு வரைதான் வரமுடியும், அதனால் நான்தான் போகவேண்டும். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற, ஊரை ஆண்ட போராளி இயக்கத்திடம் பாஸ் எடுக்கவேண்டும். இளம் ஆட்களுக்கு லேசில் கிடைக்காது. காரணம் சொல்லவேண்டும், அதோடு ஊரில் இருக்கப்போகிற ஒருவர், போகிறவள் திரும்பி வருவாள் என்று பிணை நின்று கையெழுத்து வைக்கவேண்டும். நான் வராவிட்டால் அவரைத்தான் பிடித்துக் கேட்பார்கள்.

கண்ணில் வருத்தம், கொழும்பில் டொக்டரிடம் காட்டவேண்டும் என்று அம்மா காரணம் கண்டுபிடித்தார். ஆனால் அம்மா பிணை நிற்க முடியாது. தம்பியைக் கூட்டிக்கொண்டு பின்னால் வெளிக்கிடும் திட்டம் அவருக்கு இருந்தது. ஆகவே எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருந்த அக்காவைக் கேட்டோம். என்னைவிட நாலு வயது மூத்தவர். கூட்டுறவுச் சங்கக் கடையில் கணக்கு எழுதினார். நான் பாவாடை கட்டிய காலத்திலிருந்து எனக்குத் தலை பின்னிவிட்டவர்.

"அவளுக்கும் சொல்லாதை. வாய் தவறினாளெண்டா எல்லாம் போச்சு" என்று அம்மா சொன்னார். நான் சொல்லவில்லை.

முதல் நாள் இரவு முழுக்க அழுததில் என் கண் உண்மையாகவே சிவந்திருந்தது. அக்கா என் நாடியைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்து, "ஓம், சிவந்துதான் கிடக்கு" என்றார். பிறகு சிரித்தார். சிரித்தபடி கையெழுத்து வைத்தார். ஒரு மாதத்துக்குப் பாஸ் கிடைத்தது.

அந்தச் சிரிப்பைத்தான் முப்பது வருடங்களுக்கு மேலாக மென்றுகொண்டிருக்கிறேன். அவருக்குத் தெரிந்திருந்தால், தெரிந்துகொண்டே என்னை அனுப்பியிருந்தால், என் வாழ்க்கை அவர் தந்தது. தெரியாமலிருந்தால் அது நான் களவெடுத்தது. இரண்டில் எது என்று எனக்குத் தெரியவேண்டும்.

ஏனென்றால், அடுத்த வருடம் அம்மா கொழும்புக்கு வந்துசேர்ந்து போனில் ஒரு செய்தி சொன்னார். அக்காவுக்குக் கனடாவிலிருந்து நல்ல சம்பந்தம் ஒன்று வந்ததாம். பிணை நின்று அனுப்பிய பெட்டை திரும்பவில்லை என்று அவருக்குப் பாஸ் கொடுக்கவில்லையாம். மாப்பிள்ளை வீட்டார் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு வேறிடம் செய்துவிட்டார்கள். நான் அப்போது டான்டினோங்கில் ஒரு வாடகை வீட்டில், புதுப் பெண்ணாக, குசினியில் நின்று அதைக் கேட்டேன். கேட்டுவிட்டு வெங்காயம் வெட்டினேன். அக்காவுக்கு ஒரு வரி எழுதவில்லை. இன்றைக்கு எழுதுவோம், நாளைக்கு எழுதுவோம் என்று தள்ளித் தள்ளி, பிறகு எழுத முகமில்லாமல் போய்விட்டது. அக்கா கலியாணம் செய்யவேயில்லை.

"அவவுக்குத் தெரிஞ்சிருக்கும். தெரியாமல் ஆரும் சிரிப்பினமோ?" என்று கணவர் எத்தனையோ முறை தேற்றியிருக்கிறார். நானும் அப்படித்தான் பிடித்துவைத்திருந்தேன்.

இரண்டு கிழமைக்கு முன் ஸ்பிரிங்வேல் கடையில் முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தபோது ஊர்க்கார அன்ரி ஒருவர் கையைப் பிடித்தார். "தெரியுமே, உங்கட ஒழுங்கை அக்கா சிட்னிக்கு வந்து நிக்கிறா. ஸ்ட்ராத்ஃபீல்டில தங்கச்சி வீட்டில. வாற திங்கள் திரும்பிப் போறாவாம்." அன்று புதன்கிழமை.

வீட்டுக்கு வந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கழுவிய கோப்பைகளைத் திரும்பக் கழுவினேன். பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பின்வளவுக்குப் போய் உடுப்பு எடுத்தேன், பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. போனை எடுத்து விமானச் சீட்டுப் பார்த்தேன், மூடினேன், திரும்பப் பார்த்தேன்.

"குட்டி போட்ட பூனை மாதிரிச் சுத்தாதையும்" என்றார் கணவர். "போறதெண்டா போட்டு வாரும்."

"போய் என்ன கேக்கிறது?"

"அதுதான் இவ்வளவு காலமும் என்னட்டக் கேட்டதை. எனக்கு எப்பிடித் தெரியும்? அவவிட்டக் கேளும்."

அவர்மேல் எரிந்து விழுந்தேன். ஆனாலும் சனிக்கிழமை காலை விமானத்தில் போனேன். மேலே பறந்த நேரம் முழுக்கச் சொல்லவேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். ஸ்ட்ராத்ஃபீல்டில் ரயிலால் இறங்கியபோது ஒரு சொல்லும் நினைவில் இல்லை.

மூன்றாம் மாடியில் அக்காதான் கதவைத் திறந்தார். தங்கச்சி வீட்டார் வேலைக்கும் கடைக்கும் போயிருந்தார்கள். தலை முழுக்க நரைத்திருந்தது. காலில் தடித்த சொக்ஸ். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மெலிஞ்சு போனாய். வா, இரு."

கதிரையில் இருந்தேன். தேத்தண்ணி கொண்டுவந்தார். குளிர், பிள்ளைகள், முழங்கால் நோ என்று கொஞ்சம் கதைத்தோம். இனிப் பொறுக்கமுடியாது என்று பட்டதும் கேட்டேன்.

"அக்கா, என்ர பாஸுக்குக் கையெழுத்து வைக்கேக்க நான் திரும்பி வரமாட்டன் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

அவர் யோசிக்கவேயில்லை. "இல்லை."

"சிரிச்சனீங்களே."

"நீ சின்ன விசயத்துக்கும் பயந்து அழுறனி. கண் டொக்டருக்கும் அழுதிட்டாய் எண்டு சிரிச்சிருப்பன். முப்பதாம் நாள் நீ வருவாய் எண்டு சந்திக்குப் போய் நிண்டனான். பின்னேரம் வரைக்கும் நிண்டனான்."

"பிறகு?"

"பிறகென்ன, கூப்பிட்டு விசாரிச்சாங்கள். அடிக்கேல்ல, ஏசேல்ல. பேரை எழுதி வச்சாங்கள். அவ்வளவுதான். எப்ப பாஸ் கேட்டாலும் அந்தப் பேர் முன்னுக்கு வந்து நிண்டுது."

நான் அழுதேன். என்னை மன்னியுங்கோ என்று சொன்னேன், அந்தச் சொல் வாயிலிருந்து வந்தபோதே எனக்கு வெட்கமாக இருந்தது. தபாற்காசு கூட இல்லாமலா முப்பது வருடம் இருந்தேன்? அக்கா என்னை அழ விட்டுவிட்டு எழும்பிக் குசினிக்குள் போனார். சோறும் கத்தரிக்காய்க் கறியும் கொண்டுவந்து வைத்தார்.

"சாப்பிடு. பசியோட பிளேன் ஏறாதை."

சாப்பிட்டேன். அவர் எதிரில் இருந்து என் சோற்றுக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். கறி போட்டார், திரும்பவும் போட்டார். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் திட்டவில்லை. நேரம் போவதைச் சாட்டாக வைத்து நான் எழும்பினேன். கதவடியில் குனிந்து சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது அக்கா பின்னால் நின்று கேட்டார்.

"நான் ஒண்டு கேக்கட்டோ? அந்த நாளில நான் ஆரின்ர கதையையும் வெளியில கொண்டுபோனனானோ?"

"இல்லை அக்கா."

"கலியாணம் கட்டப் போறன், திரும்பி வரமாட்டன் எண்டு சொல்லியிருந்தாலும் உனக்கு நான் கையெழுத்து வச்சிருப்பன். ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்ல?"

அம்மா சொல்லவேண்டாம் என்றார் என்று சொல்லலாம். அம்மா இறந்து ஏழு வருடமாகிறது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, வாயும் இருந்தது.

ஒரு காலில் சப்பாத்தோடு நின்றேன். அக்கா கதவைப் பிடித்தபடி, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, பதிலுக்காகக் காத்து நின்றார்.