பம்படியில் காய் செல்லாது

சென்ற ஆண்டு பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம் அது. அலங்காநல்லூருக்கு அப்பால் ஒரு சிற்றூரின் தொடக்கப் பள்ளியில் நான் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். காலையில் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறும்போது தோளில் பையும் மனதில் அந்தப் பெருமையும் தவறாமல் இருக்கும்.

அன்றைய பாடம் சமாதானம். கரும்பலகையில் ஒரு புறாவை வரைந்தேன். நன்றாகவே வந்திருந்தது. இது எதற்கு அடையாளம் என்று கேட்டேன்.

"பந்தயத்துக்கு டீச்சர்," என்றான் ஒருவன். "எங்க மாமா பறக்க விடுவாரு. தோத்தா எல்லார்கிட்டயும் சண்டை போடுவாரு."

வகுப்பு சிரித்தது. புறாவை விட்டுவிட்டு, சண்டை போட்டால் பிறகு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். இதற்கு எல்லோரிடமும் பதில் இருந்தது. காய் விட்டால் பேசக் கூடாது. யார் காய் விட்டாரோ அவர்தான் பழம் விட வேண்டும். அடுத்தவர் விட்டால் செல்லாது. எவ்வளவு பெரிய சண்டையானாலும் பம்படியில் மட்டும் காய் கிடையாது.

"அது ஏன்?"

"ஒருத்தர் அடிச்சாத்தான டீச்சர் இன்னொருத்தர் தட்டு கழுவ முடியும்," என்றாள் முன்வரிசைச் சிறுமி, இதுகூடத் தெரியாதா என்கிற முகத்துடன்.

தண்ணீர்த் தொட்டியின் மோட்டார் பழுதாகி, மதிய உணவுத் தட்டுகளைப் பிள்ளைகள் அடிபம்பில் கழுவிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

அதே சிறுமி தொடர்ந்தாள். "எங்கப்பா எங்க சித்தப்பாவுக்குக் காய் விட்டிருக்கு டீச்சர். இன்னும் பழம் விடல."

அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அந்தச் சித்தப்பாவின் மகள். அவள் குனிந்து பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் ஊருக்கே தெரியும். பொங்கல் ஜல்லிக்கட்டில் அண்ணன் வளர்த்த காளை வாடிவாசலைத் தாண்டி வந்தபோது, களத்தில் நின்ற தம்பியே அதன் திமிலைப் பிடித்துத் தொங்கிவிட்டார். புழுதியில் யார் மாடு என்று தெரியவில்லை என்பது அவர் கட்சி. மைக்கில் பேசியவர், "வீட்டுச் சண்டைய வாடிவாசலுக்குக் கொண்டாந்துட்டீங்களேப்பா," என்று சொல்ல, கூட்டம் முழுக்கச் சிரித்தது. அதுவரை அவர்களுக்குள் சண்டை இருந்ததில்லை. அன்றிலிருந்து இருந்தது.

மாலை பள்ளி விடும் நேரத்துக்கு அந்த அண்ணன் டூவீலரில் வந்தார். மகளுக்கு டி.சி. வேண்டும் என்றார். தம்பி மகளோடு ஒரே பாயில் உட்காரும் பள்ளி வேண்டாமாம்; வேறு இடத்தில் சேர்த்துக்கொள்கிறாராம். தலைமை ஆசிரியை கூட்டத்துக்காக மதுரை போயிருந்ததால் நான்தான் பேச வேண்டியிருந்தது. காலையில் நடத்திய பாடத்தையே கொஞ்சம் பெரிய சொற்களில் அவருக்கும் நடத்தினேன். தடுமாறாமல்தான் பேசினேன். அவரும் குறுக்கிடாமல் கேட்டார்.

"நல்லாத்தான் பேசுறீங்க டீச்சர். அம்புட்டு சனமும் சிரிச்சுச்சே, அன்னைக்கு எங்கிட்டு இருந்தீங்க?"

இரண்டு சிறுமிகளும் பையை மாட்டிக்கொண்டு சற்றுத் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் பள்ளிக்கூடத்துல எனக்கு யாருப்பா பம்பு அடிப்பா?" என்றாள் மகள்.

"அங்கல்லாம் பைப்பு இருக்கு தாயி," என்றார் அவர். பிறகு தன் கைகளைப் பார்த்தார். வழியில் வண்டிச் செயின் கழன்றதை மாட்டியதில் விரல்களெல்லாம் கருப்பு மை. "கையக் கழுவிட்டு வாரேன்," என்று பம்படிக்குப் போனார்.

மகள் முன்னால் ஓடிக் கைப்பிடியில் தொங்கினாள். அவள் எடைக்குத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. தம்பி மகளும் போய் உடன் தொங்கினாள். அப்போதுதான் தம்பி தன் பிள்ளையை அழைத்துப் போக கேட்டுக்குள் நுழைந்தார். அண்ணனைப் பார்த்ததும் நின்றார். திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. நேராக வந்து இரண்டு பிள்ளைகளையும் விலக்கிவிட்டுக் கைப்பிடியைத் தானே பிடித்தார்.

தண்ணீர் கொட்டியது. குனிந்திருந்த அண்ணனுக்கு யார் அடிப்பது என்று தெரிந்திருக்கும். கையை எடுக்கவில்லை.

"மெதுவா அடி. சட்டையெல்லாம் நனையுது."

"சரிண்ணே."

அவ்வளவுதான் பேச்சு. "பழம் விட்டாச்சா?" என்று தம்பி மகள் மெதுவாகக் கேட்டாள்.

"இல்ல. பம்படியில பேசுனா கணக்குல வராது," என்றாள் மற்றவள்.

அண்ணன் தன் மகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். டி.சி.க்கு மறுபடி எப்போது வர வேண்டும் என்று அவர் கேட்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. மறுநாள் இரண்டு சிறுமிகளும் அதே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் முறைப்படி பழம் விட ஊர்த் திருவிழா வரை ஆனது என்று பின்னால் பிள்ளைகள் சொன்னார்கள்.

மோட்டாரைச் சரிசெய்து மாதக்கணக்காகிறது. படித்தவள் என்ற பெருமை எனக்குக் குறைந்துவிடவில்லை. ஆனால் பேசிக்கொள்ளாத இரண்டு பேரைப் பார்த்தால், அவர்களிடம் என்ன சொல்லலாம் என்று இப்போதெல்லாம் நான் முதலில் யோசிப்பதில்லை. அவர்கள் சேர்ந்து செய்தே ஆக வேண்டிய வேலை ஏதாவது பக்கத்தில் இருக்கிறதா என்றுதான் கண் தேடுகிறது.