மிலிட்டரி டிரெய்லரும் ஆறு சட்டித் தயிரும்

வண்டிக்கு அடியில் படுத்துப் பிழைக்கிற நமக்கு மேலே நடப்பது எதுவும் தெரியாது. திட்டு மட்டும் தெளிவாகக் கேட்கும். கிரீஸில் ஊறிய சக தொழிலாளிகளே, நீங்களாவது என் பக்கம் நில்லுங்கள்.

வந்தது வாகனம்

ஆம்பூர் பைபாஸ் ஓரம் என் பட்டறை. கல்யாணங்களுக்குப் பிரியாணி செய்து கொடுக்கும் நசீர் பாய் ஒரு நாள், ராணுவத்தில் கழித்துவிட்ட டிரெய்லர் ஒன்றை ஜீப்பில் மாட்டி இழுத்து வந்தார். ஏலத்தில் எடுத்ததாம். ஒரு டன் ஏற்றிக்கொண்டு காடுமேடெல்லாம் போகச் செய்த வண்டி அது. அதில் தேக்சா என்கிற பெரிய அண்டாவில் இரண்டு நிறையப் பிரியாணியை வாணியம்பாடிக்கு ஏற்றிப் போனதில் அரிசி முழுக்க நொய்யாகிவிட்டது. இது பிரியாணியா பொங்கலா என்று பெண் வீட்டார் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார்கள்.

பத்து நாளில் ஆலங்காயத்தில் இன்னொரு கல்யாணம். அங்கேயும் இப்படி ஆனால் இனி யாரும் சமைக்கக் கூப்பிட மாட்டார்கள் என்று சொல்லும்போது அவர் குரலே இறங்கிவிட்டது. எனக்குப் பாவமாக இருந்தது. கிளம்பும்போது சொன்னார்: "டிரெய்லர் உடைஞ்சாலும் பரவால்ல தோஸ்த். அரிசி உடையக் கூடாது."

தயிர் பரீட்சை

கோளாறு ஸ்பிரிங்கில். ஒரு டன்னுக்கு அடுக்கிய இரும்புப் பட்டைகள் இரண்டு தேக்சாவுக்கு வளைந்து கொடுக்கவில்லை. குழிக்குக் குழி வண்டி எகிறியது. எத்தனை பட்டையைக் கழற்றுவது என்று நானும் வெல்டர் டேவிட்டும் கணக்குப் போட்டோம். ஆளுக்கொரு விடை வந்தது.

பாய்தான் வழி சொன்னார். உறைந்த தயிரைச் சட்டியோடு டிரெய்லரில் வைத்து ஓட்ட வேண்டும்; தயிர் உடையாமல் வந்தால் அரிசியும் உடையாது. பக்கத்துக்கு ஒரு பட்டையாகக் கழற்றுவோம், ரயில்வே கேட் வரை போய் வருவோம், மூடியைத் திறந்து பார்ப்போம். ஐந்து சட்டி மோராகத் திரும்பி வந்தது. ஆறாவது சட்டியில் தயிர் அசையாமல் நின்றது. அதுவரை வந்த மோரையெல்லாம் வீணாக்க மனமில்லாமல் குடித்த டேவிட் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னான்: "இன்னும் ரெண்டு பட்டை இருந்திருந்தா எனக்கு ஜுரமே வந்திருக்கும்ணே."

அகலம்

அடுத்தது ஆக்சில். ஜீப்பைவிட டிரெய்லர் அகலம் ஜாஸ்தி. பாய் வீட்டுத் தெருவில் ஜீப் தப்பிக்கும், பின்னால் வருகிற டிரெய்லர் டீக்கடை பெஞ்சைத் தூக்கிவிடும். ஆக்சிலை வெட்டிக் குறைத்து ஒட்டினோம். டயர் மட்கார்டில் உரசியது. மட்கார்டைக் கழற்றினோம். மறுநாள் மழை. டீக்கடைக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இடிச்சிக்கினு இருந்ததே தேவல பாய்."

பிரேக்

ஜீப் நின்றால் டிரெய்லர் முன்னால் வந்து முட்டும். முட்டினால் அதன் பிரேக் தானாகப் பிடிக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ரிவர்ஸ் எடுத்தாலும் முட்டத்தானே செய்யும்? சமையல் கொட்டகை வாசலில் பாய் ரிவர்ஸ் போட, சக்கரம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. பின்னால் போகும்போது மட்டும் பிரேக் பிடிக்காதபடி ஒரு இரும்பு ஆணி செய்து சொருகினேன். அதற்குள் பாய்க்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. "பிரேக் புடிக்காத வண்டிய பாத்திருக்கேன். புடிச்சா வுடாத வண்டிய இப்பதான் பாக்குறேன்."

ஆலங்காயம்

கல்யாணத்தன்று ஜீப்பில் பாயோடு நாங்கள் இருவரும் போனோம். மண்டபத்தில் அவர் மூடியைத் திறந்தார். ஒரு அரிசி உடையவில்லை. பாய்க்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான். கட்டிப்பிடிக்க வந்தவரால் நிமிர முடியவில்லை. எனக்கும் டேவிட்டுக்கும் இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது. பத்து நாளாக டிரெய்லரையே பார்த்தோமே தவிர, ஜீப்பின் ஸ்பிரிங்கை ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை.

மூன்று பேரும் வளைந்தபடியே தேக்சாவைச் சுற்றி நின்றோம். பெண்ணின் அப்பா எங்களைப் பார்த்து நெகிழ்ந்துபோய், பக்கத்திலிருந்த சம்பந்தியிடம் சொன்னார்: "எத்தினியோ கல்யாணம் பாத்துட்டேன், இவ்ளோ பணிவான சமையல்காரங்கள பாத்ததே இல்ல."

இத்தனை வருஷத்தில் என் கையால் உருவான ஒரே சொகுசு வண்டியில் ஜம்மென்று உட்கார்ந்து போனது சீரகச் சம்பா.