கண் எழுதாத அம்மன் கேட்ட வேண்டுதல்

அம்மனை நம்பி வாழும் சகோதர சகோதரிகளே, இதை எழுத எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. நேரமில்லாமல் இல்லை. வெட்கம்தான் காரணம். வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது நான் மண் தின்றேன். அது எங்கே எடுத்த மண் என்று தெரிந்தால் சிலர் இந்தப் பக்கத்தை மூடிவிடவும் கூடும். கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள்.

என் கணவர் சுந்தருக்கு மத்திய அரசு வேலை. திருச்சியிலிருந்து மாற்றலாகிக் கல்கத்தா வந்தோம். ஆபீஸ் சால்ட் லேக்கில், வீடு பெஹாலாவில். காலை எட்டரைக்குக் கிளம்பினால் மாலை ஏழுக்கு மேல்தான் திரும்புவார். வந்த முதல் வருடமே எனக்கு மூன்றாம் மாதத்தில் கரு கலைந்தது. மறுபடி உண்டானபோது யாரிடமும் வாய் திறக்காமல் ஐந்து மாதத்தைத் தள்ளினோம். ஆடி பிறந்த வாரம் ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் ஒன்பதுக்குக் கீழே போயிருந்தது. டாக்டரம்மா என்னை மௌசுமி என்ற டயட்டீஷியனிடம் அனுப்பினார்.

அவரை நான் தீதி என்று கூப்பிடுவேன். இங்கே அக்காவுக்கு அதுதான் பெயர். அவர் பேசுவது வங்காளமும் இந்தியும் கலந்த பேச்சு. நான் தமிழில் தருகிறேன். முதல் நாளே ஒரு நோட்டைக் கொடுத்து நடுவில் கோடு போட்டார். இடது பக்கம் சாப்பிட்டதை எழுத வேண்டும். வலது பக்கம் சாப்பிட ஆசைப்பட்டதை எழுத வேண்டும்.

"சாப்பிட்டதுல எல்லாரும் கொஞ்சம் பொய் எழுதுவாங்க, அது எனக்குப் பழகிப்போச்சு. ஆசைப்பட்டதை மட்டும் மறைக்காம எழுது மீனா," என்றார்.

நான் பள்ளிக்கூடத்திலிருந்தே நல்ல பெயர் வாங்கிப் பழகியவள். ஒரு கேள்விக்கு இரண்டு மதிப்பெண் குறைந்தால் டீச்சரோடு சண்டை போடுகிற ரகம். முருங்கைக்கீரை, பருப்பு, முட்டை, பேரீச்சம்பழம் என்று இடது பக்கத்தை முத்து முத்தாக நிரப்பினேன். அதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. வலது பக்கத்தைக் காலியாக விட்டேன்.

ஆசை ஆரம்பித்தது டீக்கடையில். இங்கே மண் குவளையில் டீ தருவார்கள், குடித்ததும் தூக்கிப் போட்டுவிட வேண்டும். ஒரு நாள் டீ தீர்ந்த பிறகும் குவளையைக் கீழே போட மனம் வரவில்லை. ஓரத்தைக் கடித்தேன். முதல் மழையின் வாசனை அப்படியே தொண்டைக்குள் இறங்கியது. பத்தே நாளில் டீயைச் சாக்கடையில் கொட்டிவிட்டுக் குவளையை மட்டும் முந்தானையில் சுற்றி எடுத்துவர ஆரம்பித்தேன்.

பிறகு குவளை போதவில்லை. எங்கள் தெருவில் துர்கா பூஜைச் சிலையைத் தெருவிலேயே வைத்துச் செய்வார்கள். அதற்கென்று ஒரு தார்ப்பாய்க் கொட்டகை. நிமாய்தா என்ற சிற்பி வைக்கோலைக் கட்டி, அதன் மேல் கங்கை மண்ணைப் பூசிப் பூசி உருவம் கொண்டுவருவார். கண்ணைக் கடைசியில்தான் எழுதுவார்கள். அதுவரை கண் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று வெறுமையாக இருக்கும். மதியம் பன்னிரண்டு மணிக்கு அவர் குளிக்கச் சாப்பிடப் போய்விடுவார். அந்த நேரத்தில் நான் உள்ளே போவேன்.

முதலில் கீழே சிந்திய மண்ணைத்தான் எடுத்தேன். அது சத்தியம். ஒரு நாள் தரையைச் சுத்தமாகப் பெருக்கிவிட்டுப் போயிருந்தார். அம்மனின் கை ஒன்று என் தோள் உயரத்தில் நீண்டிருந்தது. சுண்டுவிரல் இன்னும் ஈரம் காயவில்லை. கிள்ளினேன். சத்தமே இல்லாமல் வந்துவிட்டது.

மறுநாள் விரல் திரும்ப இருந்தது. அதற்கு மறுநாள் இல்லை. எடுத்தது நான்தான், ஆனால் எடுத்தது நினைவில்லாத நாட்களும் உண்டு. சமையலறையில் நின்று குழம்பைக் கிளறிக்கொண்டிருப்பேன், பல்லிடுக்கில் நெறுநெறு என்னும். வெளியே போய்வந்த ஞாபகமே இருக்காது. வாசலில் என் செருப்பு மட்டும் சேறாக இருக்கும்.

"மழையே பெய்யல, வீடு பூரா மழை வாசனை அடிக்குதே?" என்று சுந்தர் ஒரு நாள் மூக்கை உறிஞ்சினார். நான் ஊதுவத்தி ஏற்றி வைத்தேன்.

கடைக்குப் போகும்போது நிமாய்தா என்னை நிறுத்தினார். அண்ணியைக் கூப்பிடுவது போல இங்கே பௌதி என்பார்கள். "பௌதி, இத்தனை வருஷமா சிலை செய்யறேன், இந்த ஒத்தை விரல் மட்டும் நிக்கவே மாட்டேங்குது. அம்மாவே வேணாம்னு கழட்டிடறா போல," என்றார். நான் வாயைத் திறக்காமல் சிரித்துவைத்தேன். திறந்திருந்தால் பல் காட்டிக்கொடுத்திருக்கும்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம். என் பிள்ளை விரல் இல்லாமல் பிறக்கும். அடுத்த ஸ்கேனில் குழந்தை வாரக் கணக்குக்கு ஏற்ற வளர்ச்சி இல்லை என்றார்கள். விரலை எண்ணிச் சொல்லுங்கள் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வேன்? ஹீமோகுளோபின் ஏழரைக்கு இறங்கியிருந்தது. இன்னும் இறங்கினால் ரத்தம் ஏற்ற வேண்டும், குழந்தைக்கு நல்லதில்லை என்றார் டாக்டரம்மா.

மௌசுமி தீதி நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சாப்பாடு சரியா இருக்கு, மாத்திரையும் போடற. அப்புறம் அந்த இரும்பெல்லாம் எங்கதான் போகுது?" என்றார். வலது பக்கத்தில் விரலை வைத்து, "மாசமா இருக்கறவளுக்கு ஒரு ஆசைகூடவா இல்ல?" என்றார்.

"இல்ல தீதி," என்றேன். கூசாமல் சொன்னேன்.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை. மதியம் கொட்டகையில் நிற்கிறேன், வாயில் மண். நிமிர்ந்து பார்த்தேன். கண்ணில்லாத அந்த முகம் என்னை நேராகப் பார்த்தது. அது எப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள். எங்கள் சமயபுரத்தாள் பக்தர்களின் நலனுக்காகத் தானே விரதம் கிடப்பவள். இருபத்தெட்டு நாள் அவளுக்குச் சமைத்த சோறு படைக்கமாட்டார்கள். அப்படிப்பட்டவள் விரலையா தின்றுகொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. அங்கேயே மண்டியிட்டு அழுதேன்.

"தாயே, என்னால நிறுத்த முடியல. சொல்லவும் வாய் வரல. நீயே யார்கிட்டயாவது சொல்லிடு. எம்புள்ளைய விட்டுடு." இவ்வளவுதான் என் வேண்டுதல். அழுதுகொண்டேயும் மென்றேன் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தேன். சமையலறை அலமாரியில் சார்ஜில் போட்டிருந்த போன் அடித்துக்கொண்டிருந்தது. தீதி.

"மீனா, நல்லா இருக்கியா? கூப்பிட்டியே, பேசவே இல்ல."

"நான் கூப்பிடல தீதி. வெளிய போயிருந்தேன், போன் வீட்டுல இருந்துச்சு."

"உன் நம்பர்தான்மா. நாலு நிமிஷம் லைன்ல இருந்த. நான் ஹலோ ஹலோன்னு கத்தறேன், மெல்லற சத்தம் மட்டும் கேட்டுச்சு. காதுக்கு ரொம்பப் பக்கத்துல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இருபது வருஷமா மாசமா இருக்கறவங்களைப் பார்க்கறேன். அது சோறு மெல்லற சத்தம் இல்ல. மண்ணு தின்றியா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பல்லுக்கிடையில் ஒரு மணல் நெறுக்கென்றது. "ஆமா தீதி," என்றேன். அப்படியே அழுதுவிட்டேன்.

என் போனில் அப்படி ஒரு அழைப்பு போனதற்கான அடையாளமே இல்லை. தீதியின் போனில் இருந்தது. பிறகு என்னிடம் காட்டினார். என் பெயர், பன்னிரண்டு இருபது, நாலு நிமிடம். அந்த நேரம் நான் கொட்டகையில் அழுதுகொண்டிருந்தேன். வீட்டுச் சாவி என் இடுப்பில் இருந்தது. நெட்வொர்க் கோளாறு என்கிறார் சுந்தர். சொல்லிவிட்டுப் போகட்டும்.

தீதி என்னைத் திட்டவில்லை. "ரத்தம் குறைஞ்சா சிலருக்கு இப்படி ஆசை வரும். அந்த மண்ணு, நீ சாப்பிடற இரும்பை உடம்புல சேரவிடாது. நீ கெட்டவ இல்ல, உனக்கு ரத்தம் இல்ல, அவ்வளவுதான்," என்றார். அன்றே டாக்டரம்மாவிடம் சொல்லி எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் படுக்கவைத்து இரும்புச்சத்தை டிரிப்பில் ஏற்றினார்கள். சாப்பாட்டோடு டீ கூடாது, கீரைக்கு எலுமிச்சை பிழிய வேண்டும், வாய் நமநமக்கும்போது வறுத்த கடலையும் பொரியும் கடிக்க வேண்டும். தினமும் மதியம் பன்னிரண்டுக்கு அவரே போன் செய்து, நான் கடலை கடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நோட்டின் வலது பக்கம் முழுக்க மண், மண், மண் என்று எழுதினேன். நாலாம் வாரம் ஒரு நாள் புளியோதரை என்று எழுதியிருந்தேன். அதைப் பார்த்துத் தீதி சிரித்த சிரிப்பில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

சுந்தரிடம் சொன்னபோது அவர் முகம் வெளுத்துவிட்டது. பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு நிமாய்தாவிடம் போனார். அந்த மனிதர் என் வயிற்றையும் சிலையின் கையையும் மாறி மாறிப் பார்த்தார். "என் பொண்டாட்டியும் மாசமா இருந்தப்போ மண்ணு தின்னவதான் பௌதி. ஆனா ஒண்ணு, விரல் காணாமப்போன நாளையெல்லாம் நான் கணக்கு வெச்சிருக்கேன். டாக்டர்கிட்ட நீங்க போக ஆரம்பிச்ச பிறகும் ரெண்டு நாள் விரல் இல்ல," என்றார். அந்த இரண்டு நாளும் நான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். அதைப் பற்றி நாங்கள் மூவரும் அதற்குப் பிறகு பேசியதில்லை.

கார்த்திகையில் மகள் பிறந்தாள். இரண்டு கிலோ அறுநூறு கிராம். நர்ஸ் கையில் கொடுத்ததும் துணியை விலக்கி எண்ணினேன். பத்து. வலது சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் உள்ளே வளைந்திருக்கிறது. இது சாதாரணம், பல குழந்தைகளுக்கு உண்டு என்றார் டாக்டர். தாயே என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

இப்போது ஒவ்வொரு வருடமும் அம்மன் விரதம் இருக்கும் நாட்களில் நானும் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு விரதம் இருக்கிறேன். மாசமாக இருக்கும் பெண்களைக் கண்டால், என்ன சாப்பிட்டாய் என்று கேட்பதை விட்டுவிட்டேன். என்ன தின்ன ஆசை என்று கேட்கிறேன். இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். இரண்டு பேரையும் தீதியிடம் அழைத்துப் போனேன்.

உங்களிடமும் வெளியே சொல்ல முடியாதது ஏதாவது இருக்கலாம். அதை அவளிடம் சொல்லுங்கள். கட்டாயம் கேட்பாள். ஆனால் பதில் வானத்திலிருந்து வருமென்று காத்திருக்காதீர்கள். யாராவது ஒருவர் உங்களைக் கூப்பிட்டு, நல்லா இருக்கியா என்று கேட்பார். அந்த நேரத்தில் பொய் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.