ராமபத்ரன் போட்ட வரிசை

ராமபத்ரனுக்கு வரிசை தப்பக் கூடாது. கல்பாத்தி அக்ரகாரத்தில் பிறந்தவர். பந்தியில் பெரியவர்கள் உட்காராமல் அவர் உட்கார மாட்டார். பஸ்ஸில்கூட வயதானவர்கள் எல்லோரும் ஏறிய பிறகுதான் ஏறுவார். அவரோடு நின்று நான் எத்தனையோ பஸ்ஸைக் கோட்டை விட்டிருக்கிறேன். எரிந்து விழுந்தால், "அடுத்தது வரும், சென்னியப்பன்" என்பார், நிதானமாக.

பாலக்காட்டில் மழையை ஆராயும் நிலையம் ஒன்றில் இருவரும் வேலை பார்த்தோம். எழுபத்தொன்பதில் அங்கே யூனிக்ஸில் ஓடும் கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. கரண்ட் என் பொறுப்பு, மெஷின் அவர் பொறுப்பு. கரண்ட் போய்த் திரும்பும்போதெல்லாம் மெஷினை மறுபடி எழுப்ப வேண்டும். எழுந்ததும் எந்த வேலையை முதலில் தொடங்குவது, எதை அடுத்துத் தொடங்குவது என்று ஒரு ஃபைலில் வரிவரியாக எழுதியிருக்கும். மெஷின் அதை மேலிருந்து கீழாக வாசித்து அப்படியே செய்யும். அந்த வரிசையைப் போட்டவர் ராமபத்ரன்.

எப்படிப் போட்டிருப்பார்? நிலையத்தில் மூத்தவர் அபயாம்பாள், எங்கள் எல்லோருக்கும் மாமி. சுற்றிலும் கொட்டும் மழை மறையூரை மட்டும் ஏன் ஏமாற்றுகிறது என்று ஆராய்வதிலேயே காலத்தைச் செலவழித்தவர். அவருடைய மழைக்கணக்கு புரோகிராமுக்கு முதல் வரி. மற்றவர்களுடையது வயதுப்படி. அந்த வருஷம் இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கும்போது, மாமியின் கணக்கைச் சேர்த்து வைக்கவென்றே புது டிஸ்க் ஒன்று வந்தது. அதை இணைக்கும் வரியை ராமபத்ரன் எல்லாவற்றுக்கும் கடைசியில் எழுதினார். புதிதாக வந்ததுதானே!

மறையூரிலிருந்தும் சாந்தன்பாறையிலிருந்தும் மழையளவு டெலிபோனில் வரும். மாமி கேட்கக் கேட்க மெஷினில் அடித்துவிடுவார். மெஷினை நம்பி, காகிதத்தில் குறித்து வைப்பதையே விட்டிருந்தார். மழை ஓய்ந்ததும் கணக்கை எடுத்துப் பார்த்தால், டிஸ்க்கில் ஒன்றுமே இல்லை.

மாமி சத்தம் போடவில்லை. "அடுத்த மழைக்கு நான் இங்க இருக்க மாட்டேன், ராமபத்ரா. இந்த மழையும் திரும்பப் பெய்யப் போறதில்லை" என்றார். அவர் ஓய்வு பெறும் நாள் நெருங்கியிருந்தது. ராமபத்ரனுக்கு முகம் செத்துப்போயிற்று. கொண்டுவந்த தயிர்சாதத்தைத் தொடவே இல்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

"ஏனுங்க, டிஸ்க்குதான் கோளாறுன்னா கழட்டி அனுப்பிச்சுப் போடலாமுங்க" என்றேன்.

ராமபத்ரன் டிஸ்க்கை மெஷினிலிருந்து பிரித்தார். அது இருந்த இடத்தில் ஏதாவது மிச்சம் உண்டா என்று பார்த்தார். திரை முழுக்க மழை! மறையூர், சாந்தன்பாறை, ஒரு நாள்கூட விடாமல் அத்தனையும் இருந்தது.

நடந்தது இதுதான். மெஷின் எழும்போதெல்லாம், புது டிஸ்க் இணையுமுன்பே முதல் வரியில் இருந்த மாமியின் புரோகிராம் தொடங்கி, மெஷினின் பழைய டிஸ்க்கில் அதற்கென்று ஒதுக்கிய காலி இடத்திலேயே எழுத உட்கார்ந்துவிட்டது. கடைசியாக இணைந்த புது டிஸ்க் அந்த இடத்தை மூடிக்கொண்டது. அடியில் எழுதுவது நடந்துகொண்டே இருந்தது. மேலே டிஸ்க்கை மட்டும் பார்த்த எங்களுக்கு அது தெரியவில்லை.

ராமபத்ரன் டிஸ்க்கின் வரியை முதலுக்குக் கொண்டுவந்தார். தன் கோணல் வரிசையின் மேலேயே கோபம் வந்ததோ என்னவோ, மாமியின் வரியை எல்லாவற்றுக்கும் கீழே போட்டார். போட்டுவிட்டு அவர் தவித்த தவிப்பு இருக்கிறதே! மாமியின் அறைக்குப் போய்க் கைகட்டி நின்றார். "மாமி, உங்களைக் கடைசிக்குத் தள்ளிட்டேன். மன்னிக்கணும்."

"அசடே, இலை போடறதுக்கு முன்னாடி எனக்குச் சாதம் போட்டிருக்கே. தரையிலன்னா விழும்" என்று மாமி சிரித்தார்.

மாமி ஓய்வு பெற்ற அன்று நிலையத்தில் சாப்பாடு. முதல் இலைக்கு அவரை அழைத்தோம். வரவில்லை. இலைக்கட்டைக் கையில் வாங்கி, ஒவ்வொருவருக்காகப் போட்டுக்கொண்டே வந்தார். ராமபத்ரன் வழக்கம்போலச் சுவரோரம் ஒதுங்கி நின்றார்.

"உக்காருடா. என்னைக் கடைசியில எழுதினது நீயாக்கும்" என்றார் மாமி.

ராமபத்ரன் உட்கார்ந்தார். ஒரு பெரியவர் நிற்க, அவர் உட்கார்ந்து சாப்பிட்டதை அன்றுதான் பார்த்தேன். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டார். பக்கத்து இலையில் இருந்த நான் கிண்டல் எதுவும் செய்யவில்லை.