தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடியவள்

எங்கள் அம்மா ஏழு மாதம் கோயிலுக்குப் போகவில்லை. பக்தி குறைந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். வாசல்படி இறங்கினால் வீடு போய்விடும் என்று பயம்.

போர்ட் பிளேரில் ஷாதிபூர்ப் பக்கம் ஒரு மேட்டுச் சரிவில் இருந்தோம். மேலே புல்லும் மூங்கிலும், கீழே கடல். அப்பா ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வந்தவர். தீவுக்குத் தீவு போகும் சரக்குக் கப்பலில் கலாசி. கட்சால் தீவுப் பக்கம் போனால் திரும்பி வர இருபது நாளாகும். அவரே பலகை அடித்து, தகரம் போட்டுக் கட்டிய வீடு. பட்டா கிடையாது. அந்தச் சரிவில் ஒருவருக்கும் கிடையாது. புல் முளைத்துக் கிடந்த இடம்தான், யாருடைய தோட்டத்தையும் நாங்கள் வளைக்கவில்லை. இதைச் சொல்லும்போது எனக்குத் தலை குனியத் தோன்றவில்லை.

எங்களுக்குப் பக்கத்தில் ஒரு தெலுங்குக் குடும்பம் இருந்தது. ஒரு நாள் காக்கிச் சட்டை போட்ட நாலு பேர் வந்தார்கள். யார் அனுப்பிய ஆட்களோ. மலேரியா மருந்து அடிக்க வேண்டும், அரை மணி வெளியே நில்லுங்கள் என்றார்கள். அந்த அம்மாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பலாமரத்தடியில் போய் நின்றாள். மருந்தும் அடிக்கவில்லை, ஒன்றும் அடிக்கவில்லை. கூரைத் தகரத்தைக் கழற்றினார்கள், பலகையைப் பிரித்தார்கள், லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் கையில் இருந்த கரண்டிதான் மிச்சம்.

அன்றிலிருந்து எங்கள் மேட்டுக்கு ஒரு சட்டம் வந்தது. ஆள் இருக்கிற வீட்டை, அடுப்பு எரிகிற வீட்டை எவனும் பிரிக்க மாட்டான். அப்பா கப்பலுக்குப் புறப்படும்போதெல்லாம் அம்மாவிடம் இதையேதான் சொல்லுவார்.

"காக்கிச் சட்டை வந்து என்ன சொன்னாலும் வெளிய வராத. தாழ்ப்பாளப் போட்டுட்டு அடுப்ப மூட்டு. கூரைக்கு மேல பொக தெரியணும்."

அதற்கென்றே அம்மா ஈரத் தேங்காய் மட்டையை மூலையில் அடுக்கி வைத்திருந்தாள். சோறு ஆக்க அது ஆகாது. புகைக்கு அதைப்போல் ஒன்று கிடையாது.

எனக்கு அப்போது எட்டு வயது. பலகை இடுக்கில் கண் வைத்துப் பாதையைப் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. இரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றது அதனால்தான். நான் வருத்தப்படவில்லை. எனக்கு எழுத்து கொஞ்சம்தான் வரும், ஆனால் கண்ணை யாரும் குறை சொன்னதில்லை.

காக்கிச் சட்டைக்கு அடுத்தபடி நான் கண் வைக்க வேண்டிய ஆள் மேல்வீட்டு மௌசி. எங்களுக்கு மேலே சரிவில் தனியாக இருந்தாள். இந்தத் தீவிலேயே பிறந்தவள், இந்திதான் பேசுவாள். மௌசி என்றால் சித்தி. பிள்ளைகள் எல்லாம் அப்படிக் கூப்பிட்டோம். அம்மா மட்டும் "கைதி வீட்டுக்காரி" என்பாள். மௌசியின் தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் கைதியாக வந்தவராம். "கொல பண்ணிட்டு வந்த வம்சம். சிரிச்சுச் சிரிச்சுப் பேசுவா, நம்பாத" என்பாள் அம்மா. அப்பா ஊரில் இல்லாத நாளைக் காக்கிக்காரர்களுக்குச் சொல்வது அவள்தான் என்பது அம்மாவின் முடிவு. மௌசிக்குப் பிள்ளை இல்லை. பால் குடிக்கிற என் தம்பியைப் பார்த்தால் இரண்டு கையையும் நீட்டுவாள். அம்மா உடனே முந்தானையால் மூடிக்கொண்டு உள்ளே வந்து, அவன் கன்னத்தில் இன்னொரு மைப்பொட்டு வைப்பாள். சில நாள் அவன் முகத்தில் நாலு பொட்டு இருக்கும்.

அது பங்குனி மாதம். மழை பார்த்து வெகு நாளாகியிருந்தது. புல் எல்லாம் காய்ந்து சருகாகிக் கிடந்தது. எங்கேயாவது காட்டை வெட்டி எரித்துக்கொண்டே இருப்பார்கள், அதனால் புகை நாற்றம் புதிதில்லை. உச்சி வேளையில் விசில் சத்தம் கேட்டது. இடுக்கில் பார்த்தேன்.

"அம்மா, காக்கி!"

அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. தாழ்ப்பாளைப் போட்டாள், அம்மிக்கல்லைக் கதவுக்கு அண்டக் கொடுத்தாள், நாலு ஈர மட்டையை அடுப்பில் திணித்து ஊதினாள். வீடு முழுக்கப் புகை. கதவைத் தட்டினார்கள்.

"பாஹர் நிகலோ! நீச்சே ஜாவ், சமுந்தர் மே ஜாவ்!"

வெளியே வா, கீழே கடலுக்குப் போ என்கிறார்கள். அது அம்மாவுக்கும் விளங்கியது.

"கடலுக்குப் போகணுமாம்ல! போனவொடனே கப்பலேறி ஊருக்கே போன்னு சொல்லுவானுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, வீட்டுக்காரர் இல்லை, கப்பலில் போயிருக்கிறார் என்று கதவைப் பார்த்துத் தனக்குத் தெரிந்த இந்தியில் கத்தினாள். "ஆத்மி நஹி ஹை! கப்பல் மே கயா! அவரு வந்தா வந்து பேசு!"

அவர்கள் இன்னும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடினார்கள்.

"அம்மா, மேல ஒரே பொகையா இருக்கு."

"நம்ம அடுப்புப் பொகதான், புள்ள."

"கருப்புக் கருப்பா என்னமோ பறக்குதும்மா."

"மட்ட எரிஞ்சா பறக்கத்தான் செய்யும். பாதையப் பாரு, வானத்தப் பாக்காத."

நான் பாதையைப் பார்த்தேன். சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிற பிள்ளை நான்.

அப்போதுதான் பின்பக்கம் சத்தம் கேட்டது. கோழி நுழைய விட்டிருந்த பலகையைப் பெயர்த்துக்கொண்டு மௌசி உள்ளே வந்தாள். தலையெல்லாம் சாம்பல், கண் சிவப்பு. கையில் மூட்டை இல்லை, பெட்டி இல்லை. வெறுங்கையோடு வருகிறவள் எடுத்துக்கொண்டு போகத்தான் வருவாள் என்று நினைத்தேன்.

"தீதி, ஆக்! சல், சல்!" அக்கா, நெருப்பு, வா என்கிறாள். பிறகு தமிழிலும் சொன்னாள். "நெருப்பு, அக்கா!"

"அடுப்புன்னா நெருப்புதான் இருக்கும்" என்றாள் அம்மா. "ஒன்னையும் அனுப்பிட்டானுங்களா? ஏன்டி, ஒனக்கு வெக்கமா இல்ல?"

மௌசி அம்மா கையைப் பிடித்து இழுத்தாள். அம்மா உதறினாள். மௌசி கதவைப் பார்த்தாள், அம்மிக்கல்லைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள். கொடியில் கிடந்த துணியை உருவி எங்கள் குடிதண்ணீர்க் குடத்துக்குள் முழுசாக அமுக்கினாள். அந்தக் கோடையில் அந்த ஒரு குடத்துக்கு அம்மா எவ்வளவு தூரம் ஆள் அனுப்பியிருப்பாள்! அம்மா குடத்தைப் பிடிக்கப் பாய்ந்தாள். அந்த நேரம் பார்த்து மௌசி தொட்டிலில் கிடந்த தம்பியை அள்ளி, ஈரத்துணியில் சுற்றி, வந்த வழியே வெளியேறிவிட்டாள்.

"ஐயோ, எம்புள்ளையத் தூக்கிட்டு ஓடுறாளே! புடிங்க! புடிங்க!"

ஏழு மாதம் படி இறங்காதவள் அம்மிக்கல்லைக் காலால் தள்ளி, கதவைத் திறந்து பாய்ந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். மௌசி சரிவில் கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஆணும் பெண்ணும் ஆடுமாடுமாக மேடே இறங்கி ஓடியது. எல்லாரும் பிள்ளை திருடியைத்தான் துரத்துகிறார்கள் என்று எனக்கு ஒரே தைரியம். இத்தனை பேர் ஓடியும் ஒருத்தன்கூட அவளைப் பிடிக்கவில்லையே என்றுதான் ஆத்திரம். அம்மா பின்னால் திரும்பவே இல்லை. மௌசியின் முதுகைத் தவிர அவள் எதையும் பார்க்கவில்லை.

மௌசி கடலுக்குள் இறங்கி இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாள். அம்மாவும் இறங்கினாள், அவள் பின்னால் நானும். அம்மா மௌசியின் தலைமயிரைப் பிடித்து நாலு அடி வைத்தாள். மௌசி பிள்ளையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு அடியை வாங்கினாள். அம்மா தம்பியைப் பறித்து, கை, கால், அரைஞாண், கொலுசு எல்லாம் தடவிப் பார்த்தாள். ஒன்றும் குறையவில்லை. அவன் சிரித்தான், வெட்கங்கெட்ட பயல்.

மௌசி அம்மாவின் தாடையைப் பிடித்து மேட்டுப் பக்கம் திருப்பினாள்.

மேடு முழுக்க எரிந்துகொண்டிருந்தது. மூங்கில் வெடிக்கிற சத்தம் அப்போதுதான் எனக்குக் கேட்டது. எங்கள் வீடு எது, மௌசி வீடு எது என்று ஒன்றும் தெரியவில்லை. அம்மா வாய் திறந்தபடி நின்றாள். பிறகு மௌசி தம்பியை ஈரத்துணியில் சுற்றியதைப் போல அவளும் முந்தானையை நனைத்து என் மூக்கைச் சுற்றிக் கட்டினாள்.

காற்று திரும்பிய பிறகுதான் நெருப்பு அடங்கியது. கரையில் சனம் பெயர் சொல்லிச் சொல்லித் தேடிக்கொண்டிருந்தது. படகுக்காரர்கள் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேலே போய் வீட்டைப் பார்க்க வேண்டும், சுடுகிற தரையில் பிள்ளையோடு போக முடியாது. எங்கள் ராமநாதபுரத்துப் பொம்பளைகளே நாலைந்து பேர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா அவர்களைத் தாண்டிப் போனாள். தம்பியை மௌசி மடியில் வைத்தாள்.

"இங்கயே இரு" என்று என்னிடம் சொல்லிவிட்டு மேடேறினாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திருடி கையிலேயே திரும்பக் கொடுப்பார்களா? பிறகு யோசித்தேன். அம்மா என்னைக் காவல் வைத்துவிட்டுப் போகிறாள், அதுதான் விஷயம். மௌசி பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து அவள் முந்தானை நுனியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஓடினால் என்னையும் இழுத்துக்கொண்டுதான் ஓட வேண்டும்.

அவள் மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை எழுந்தாள். மடியில் பிள்ளையைப் பார்த்தாள், மறுபடி உட்கார்ந்தாள். நான் பிடியை இன்னும் இறுக்கினேன். பயமா என்று இந்தியில் கேட்டு என் தலையைத் தடவினாள்.

அம்மா திரும்பி வந்தபோது அவள் கால் இரண்டும் கரி. எங்கள் வீடு நின்றது. கூரையில் புகை வந்ததைப் பார்த்து உள்ளே ஆள் இருக்கிறது என்று நினைத்து, நெருப்பணைக்க வந்த காக்கிக்காரர்கள் சுற்றிலும் புல்லை வெட்டி, தகரத்தின் மேல் வாளி வாளியாக ஊற்றியிருக்கிறார்கள். மேல்வீட்டில் புகை இல்லை, ஆள் போய்விட்டது என்று விட்டுவிட்டார்கள், அது எரிந்துபோனது. இதெல்லாம் வெகு நாள் கழித்து அம்மா எனக்குச் சொன்னது. அன்று அவள் நேரே எங்கள் முன்னால் வந்து நின்றாள்.

"மேரா?" என்று கேட்டாள் மௌசி. என்னுடையது?

அம்மா தன் கரிக் காலையே பார்த்தாள். நான்தான் முந்திக்கொண்டு பேசினேன்.

"அம்மா, நான் விடவே இல்லம்மா. ரெண்டு தடவ எந்திரிச்சா. நான் முந்தானையப் புடிச்சுக்கிட்டே இருந்தேன். எங்கயும் போக முடியல இவளால."

அம்மா என் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள்.

எதற்கு அடித்தாள் என்று எனக்கு விளங்கவில்லை. வைத்த காவலை ஒழுங்காகக் காத்தவளுக்கு இதுவா கூலி என்று நினைத்தேன். ஆனால் நான் அழவில்லை. முந்தானையையும் விடவில்லை.