சொல்லாமல் பிடுங்கிய பென் டிரைவ்

உத்தமபாளையத்தில் பாஜிலா வைத்திருந்த கம்ப்யூட்டர் கடையில் ஓடியது விண்டோஸ் இல்லை, லினக்ஸ். ஊர்ப் பென் டிரைவ்களில் வரும் வைரஸோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய், 2008இல் அதற்கு மாறியிருந்தாள். கேமராவைச் செருகினால் போதும், திரையில் சின்னதாக ஓர் ஐகான் முளைக்கும். அதைத் திறந்தால் யார் யார் வீட்டுக் கல்யாணமோ, மேகமலைப் பனியோ விரியும். வந்த வேலையை மறந்து அதற்குள் போய் உட்கார்ந்துவிடுவாள். நல்ல குணம்தான், கடை நடத்த ஆகாது.

அன்றைக்குத் திறந்தது அவள் வீட்டுப் படம். இரவல் கேமராவில் எடுத்த வீடியோ. மகள் அப்ரின் முதன்முதலாகத் தத்தித் தத்தி நடந்தது. கணவன் உமர் பாருக் சவூதிக்குப் போனபோது பிள்ளை வயிற்றில் இருந்தது. அவன் இருக்கும் பாலைவனக் கேம்பில் இன்டர்நெட் கிடையாது, கூட இருப்பவரின் லேப்டாப் மட்டும் உண்டு. அதே கேம்பிலிருந்து லீவில் வந்து திரும்பும் அஸ்லமிடம் பென் டிரைவில் கொடுத்தனுப்பினால்தான் உண்டு.

காப்பி ஆகும் பட்டை சட்டென்று முடிந்து மறைந்தது. ஆனால் லினக்ஸ் அப்படித்தான். முடிந்தது என்று காட்டிவிட்டு உள்ளே எழுதிக்கொண்டே இருக்கும். எடுக்கப்போகிறேன் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் 'அன்மவுண்ட்' கொடுத்து, பென் டிரைவின் விளக்கு அணைந்த பிறகே எடுக்க வேண்டும். "சொல்லாமல் பிடுங்காதீர்கள்" என்று சுவரில் ஒட்டியிருப்பதே அவள்தான்.

விளக்கு இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. பாஜிலாவோ திரையில் மகள் நடப்பதைப் பார்த்திருந்தாள். மனக்கண்ணில் மணல் நடுவே ஓர் அறை, கட்டில், எதிரே கைநீட்டும் உமர், அவனை நோக்கி நடக்கும் பிள்ளை. எங்கேயோ மிதந்தாள்.

"அக்கா, குமுளி பஸ்ஸு வந்துருச்சு, பிளைட்டப் புடிக்கணும்! அங்க உமர் அண்ணன் காத்துக்கிட்டு இருப்பாக" என்று அஸ்லம் பென் டிரைவை உருவிக்கொண்டு ஓடினான்.

அவள் வாசலுக்கு வருவதற்குள் பஸ் போய்விட்டது. போன் போட்டாள். மலையேறும் பஸ்ஸில் சிக்னல் ஏது? ஊருக்கெல்லாம் சொன்னவள் தன் பிள்ளை விஷயத்தில் கோட்டை விட்டாளே என்று தன்னையே திட்டித் தீர்த்தாள்.

வெள்ளிக்கிழமை உமர் கூப்பிட்டான்.

"புள்ள நடக்குற வீடியோ தெறக்கவே இல்ல, பாஜிலா."

"எந் தப்புங்க. கனாக் கண்டுக்கிட்டு இருந்துட்டேன்." அழுதாள்.

"ஒரு படம் மட்டும் தெறந்துச்சு."

"அப்ரின் படமா?"

"இல்ல, நீயி."

கேமரா வேலை செய்கிறதா என்று பார்க்கத் தன் பக்கம் திருப்பி ஒரு தடவை அமுக்கியிருந்தாள். மொத்தமாக இழுத்துப் போட்டபோது அதுவும் போயிருக்கிறது.

"அய்யோ, அதயா பாத்தீக? தலகூடச் சீவல."

"இத்தன நாளும் கல்யாணப் போட்டோவத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். அதுல நீ யாரோ மாதிரி இருப்ப. ஓம் மொகமே மறந்து போச்சோன்னு பயந்து கெடந்தேன் புள்ள. யாருகிட்டயும் சொல்லல."