ரயிலுக்கு ஒருமுறை புரட்டுங்க

வீடு தேடிப்போய்ப் படுக்கை நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் வேலையில் தெரு நாய்கள்கூட ஒரு மாதத்தில் பழகிவிடும், "வேற என்ன செய்யலாம்?" என்று கேட்பவர் முன்னால் விழித்துக்கொண்டு நிற்பதுதான் கடைசிவரை பழகாது. வீட்டில் ஒருவரைப் படுக்கையில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

செல்லாத இடம்

நீடாமங்கலம் பக்கத்துக் கோவிந்தசாமி ஐயா, ஆயுள் முழுக்க அடுத்தவர் வயலில் உழைத்தவர். வாதம் வந்து விழுந்துவிட்டார். துடைப்பது, ஊட்டுவது எல்லாம் மனைவி பாக்கியம்மாதான். அவருக்கே தீராத முதுகுவலி. நான் போன முதல் நாளே அரசுக் காப்பீட்டு அட்டையை நீட்டி, இதை வைத்து உதவிக்கு ஓர் ஆள் கிடைக்குமா என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் சேர்ந்து படுத்தால்தான் அட்டை செல்லும், வீட்டுக்கு ஆள் தராது என்றேன். சொல்லும்போது எனக்கே எரிச்சலாக இருந்தது. அவர் கட்டிலைக் காட்டினார்.

"அவரு ஒன்றரை வருஷமா படுத்துத்தானே கெடக்காரு நர்ஸம்மா, இன்னும் எப்படிப் படுக்கணுமாம்?"

மகன்

திருப்பூரில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டேன். பகலுக்கு மட்டுமாவது ஓர் ஆள் வைக்கச் சொன்னேன். நல்ல பையன்தான், பொறுமையாகக் கேட்டான்.

"அதான் அம்மா இருக்காங்கல்ல மேடம்?"

ரயில் கணக்கு

படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். பாக்கியம்மாவுக்கு மணி பார்க்கத் தெரியாது. செல்போனில் அலாரம் வைத்துக் கொடுத்தேன்; அது அலறியதும் பயந்து, போனைத் துணிக்குள் சுருட்டிப் பெட்டியில் பூட்டிவிட்டார். கொல்லையைத் தாண்டினால் தண்டவாளம். சரக்கு வண்டியையும் சேர்த்தால் பகல் கணக்கு ஏறக்குறைய சரியாக வந்தது. "ஒவ்வொரு ரயில் போறப்பவும் புரட்டுங்க, ராத்திரி வண்டிச் சத்தத்துல முழிப்பு வர்றப்பல்லாம் புரட்டுங்க" என்றேன். இரண்டு மாதம் ஒரு சிராய்ப்புகூட இல்லை. ஆபீசில் பெருமையடித்துக்கொண்டேன்.

"வண்டிச் சத்தம் கேட்டாலே மூஞ்சியச் சுளிக்கிறாரு நர்ஸம்மா, புரட்டப் போறேன்னு தெரிஞ்சுபோச்சு."

திறந்த கேட்

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்று நின்றே பாதி ஆயுளைத் தொலைத்தவர்களில் நானும் ஒருத்தி. தண்டவாள வேலைக்காக நான்கு நாள் ரயிலை நிறுத்தியிருந்தார்கள். கேட் திறந்தே கிடந்தது. நான்கு நாளும் ஸ்கூட்டியை நிறுத்தாமல் சந்தோஷமாகக் கடந்து வேறு ஊர்களுக்குப் போய்வந்தேன். எனக்கு உறைக்கவே இல்லை.

ஐந்தாம் நாள் அந்த வீட்டு வாசலிலேயே வாடை அடித்தது. ஐயாவின் இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து, நடுவில் கறுத்திருந்தது. "ஏம்மா புரட்டல?" என்று கத்திவிட்டேன். கத்தியதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. பாக்கியம்மா அழவில்லை, கோபப்படவும் இல்லை.

"புரட்டுனா வலி தாங்காமக் கத்துவாரு, வண்டி வரட்டும் வரட்டும்னு இருந்தேன். நீங்க சொன்னபடிதான் இருந்தேன் நர்ஸம்மா, வண்டிதான் வரல."

அந்த மாதப் படிவத்தில், 'பராமரிப்பவருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டதா?' என்ற கட்டத்தில் நான் போட்டிருந்த 'ஆம்' என்பதைப் பார்த்துவிட்டு, மேலதிகாரி 'திருப்தி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார்.